மூணாவதுக்குப் பேரு வைக்காத

எம்மா, கால கொஞ்சம் அந்தப் பக்கமா வச்சுக்கோ. பெட்டியில பட்டுரப்போவுது. பட்டா உனக்கு ஒண்ணும் ஆவாது, எனக்குத்தான் கோயம்புத்தூர் வரைக்கும் பேச்சு விழும். உள்ள என்னன்னு பாக்கியா? என் சக்களத்தி இருக்கா.

சிரி. எல்லாரும் சிரிக்கத்தான் செய்யுதாவ. நான் என்ன சொன்னாலும் சிரிப்பாவ, அதுதான் நான் வாங்கி வந்த வரம். எங்க அம்மை செத்த வீட்ல நான் அழுததுக்கும் நாலு பேரு சிரிச்சாவ. எங்க சித்தி அழுத மாதிரியே அழுதேனாம்.

அந்தா ஜன்னலோரம் மூஞ்சில துண்டப் போட்டுட்டு சாஞ்சு கெடக்காவள்லா, அதுதான் எங்க வீட்டு அவிய. தேவவரம்னு பேரு. பாளையங்கோட்டையில சர்ச்சுல ஆர்கன் வாசிப்பாவ. மத்த நாள்ல ஊர்ல உள்ள ஆம்ப்ளிபயர் பூரா ரிப்பேருக்குன்னு எங்க வீட்லதான் வயித்தத் தொறந்துட்டுக் கெடக்கும். என்னது, மெல்லப் பேசணுமா? அட, மூஞ்சில துண்டு விழுந்துட்டுன்னா அவியள எடுத்துட்டுப் போயி அடக்கம் பண்ணுனாலும் தெரியாது. நீ சும்மா இரு.

நான் ஜெபக்கனி. எட்டாங் கிளாசு, அதுவும் முழுசா இல்ல. ஆனா மிமிக்ரி பண்ணுவேன். சர்ச்சுல அசனம்னு ஊருக்கே விருந்து போட்டா, சாப்பிட்டுக் கை கழுவுன உடனே மைக்க எங்கிட்டத்தான் குடுப்பாவ. எங்க பாதிரி ஐயர் மாதிரி ஜெபம் பண்ணுவேன், ஐயரம்மா மாதிரி அதுக்கு ஆமென் போடுவேன், பின்னாடி பெஞ்சில தூங்குத ஆளு மாதிரி அந்த ஆமென்ல முழிச்சு எந்திரிப்பேன். இப்ப கோயில்பட்டியில ரயில்ல ஒருத்தன் ஏறுனாம்லா, "கடலமுட்டேய்ய், கடலமுட்டேய்ய்"னு? நான் திருப்பிச் சொன்னதும் போட்டிக்கு ஆளு ஏறிட்டான்னு அடுத்த பெட்டிக்கு ஓடிட்டானே, பாத்தியா? அப்படி. ஆளக் காட்டு, குரலக் காட்டுதேன். ஒரு தடவ காதுல விழுந்தாப் போதும்.

அதனாலதான் கொயர்ல இருந்து தூக்குனாவ. கொயர்ல நாலு வரிசைம்மா. நாலு வரிசைக்கும் நாலு குரலு. நான் முதல் வரிசையில நின்னா பக்கத்துல நிக்கவ மாதிரி பாடுவேன், மூணாவதுல நின்னா ஆம்பிளையாளு மாதிரி இறங்கிருவேன். ஆசீர் சார்னு கொயர் மாஸ்டர், குச்சிய கீழ வச்சுட்டுக் கேட்டாரு, "ஏ ஜெபக்கனி, எல்லாருக்கும் ஆண்டவரு ஒரு குரலு குடுத்துருக்காரு. உனக்குக் குடுத்தது எதும்மா?" அப்படின்னு. நானும் விடல, "இதுதான் சார்"னு அவரு குரல்லயே சொன்னேன். அன்னையோட முடிஞ்சிட்டு. ஆனா அவரு கேட்டது ஒண்ணும் தப்பில்ல. எனக்கு ஏது குரலு? எல்லாம் இரவல்.

சரி, சக்களத்திக்கு வாரேன்.

அவியளுக்கு பெங்களூர்ல ஒரு கூட்டாளி. அவன் மூலமா ஒரு மிசின் வந்துட்டு. மாடுலர் சிந்தசைசராம். நான் மொதல்ல டெலிபோன் எக்சேஞ்ச்ச வெலைக்கு வாங்கிட்டாவன்னு நெனச்சேன். பூரா ஓட்டை, பூரா பல்பு, நூடுல்ஸ் மாதிரி ஒயரு. ஆர்கன் மாதிரி கட்டை கெடையாது, வாசிக்கவும் முடியாது. இந்த ஓட்டையில இருந்து அந்த ஓட்டைக்கு ஒயர மாட்டணும், அப்பந்தான் பாடும். அப்படி மாட்டி வச்சதுக்குப் பேரு பேட்ச். ஒயரப் பிடுங்கிட்டா அந்தப் பாட்டு போச்சு. திரும்ப அதே மாதிரி வராது. "அப்ப எதுக்கு இந்த எழவு?"ன்னு கேட்டேன். "ஏ, உன் ரசம் ஒருநாள் வச்ச மாதிரி மறுநாள் இருக்கா?"ன்னாவ.

அதுல அவிய ஒரு வேலை செஞ்சாவ. ஒரே பாட்டுதான். ஆனா ஒரு குரல் பாடாது. ஒரு சுரம் ஒரு குரலுக்கு, அடுத்த சுரம் அடுத்த குரலுக்கு. கான்கிரீட் போடயில பாத்திருக்கியா? கீழ இருந்து மாடிக்கு வரிசையா நின்னு சட்டிய கை மாத்துவாவள்லா, ஒருத்தரும் கையில வச்சிக்கிட மாட்டாவ, வாங்குன உடனே குடுத்துரணும். அந்த மாதிரி. நாலு குரலு நிக்கும். முதல் ஆளு வாங்கி ரெண்டாவது ஆளுட்ட, அவன் மூணுக்கு, மூணு நாலுக்கு. பாட்டு என்னமோ ஒண்ணாத்தான் மேல போவும். கேக்க நல்லாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லக் கூடாது.

நமக்கு வாய் சும்மா இருக்குமா? பேரு வச்சேன். முதல் குரலு "ஞீ"ன்னு வரும், அதுக்குக் கொசுன்னு பேரு. ரெண்டாவது "ஹ்ரும்"னு, எங்க சர்ச்சுல ஏசுவடியான் மாமா பிரசங்கம் நீண்டு போனா தொண்டையச் செருமுவாரு, அச்சு அதேதான். அதுக்கு மாமா. நாலாவது "ம்மோ". எருமை. அவிய வயித்தப் பிடிச்சிட்டுச் சிரிச்சாவ. நான் மூணாவதுக்கும் ஒண்ணு யோசிச்சு வாயத் தொறந்தேன்.

"ஏ, மூணாவதுக்குப் பேரு வைக்காத"ன்னாவ.

சிரிப்பு நின்னு போச்சும்மா. முகம் ஒருமாதிரி ஆயிட்டு.

"ஏன், அதுல என்ன விசேசம்?"னு கேட்டேன்.

"அத மட்டும் விட்டுரு ஜெபா"ன்னுட்டு அந்தப் பக்கம் திரும்பிட்டாவ.

நீயே சொல்லு. கல்யாணம் ஆனவளா நீ? ஆமா, தாலிச் சங்கிலி தெரியுது. உன் மாப்பிள ஒருத்திக்கு மட்டும் பேரு வைக்காதன்னா, உனக்கு எங்க எரியும்? எனக்கு அங்கதான் எரிஞ்சுது.

அதுக்குப் பிறகு கவனிக்க ஆரம்பிச்சேன். மத்த மூணுக்கும் கறுப்பு ஒயரு, அவளுக்கு மட்டும் சிவப்பு. மத்ததெல்லாம் ஒருநாள்ல செஞ்சு முடிச்சாவ. மூணாவத மட்டும் வாரக்கணக்கா கண்ணு இடுங்கக் குமிழத் திருகுதாவ, கேக்காவ, தலைய ஆட்டுதாவ, மறுபடி திருகுதாவ. அதுக்கு முன்னாடியும் ஒரு மாதிரியாத்தான் திரிஞ்சாவ. நான் பாட்டுக்கு முருங்கைக்கீரை ஆஞ்சுக்கிட்டு வாய்க்குள்ள எதையாவது முனங்கிட்டு இருப்பேன், அடுக்களை வாசல்ல செல்போன நீட்டிக்கிட்டு நிப்பாவ. "என்னத்த பிடிக்கிய?"ன்னா, "டவர் இல்ல"ம்பாவ. எங்க வீட்டு அடுக்களையிலயா டவர் வச்சிருக்கு? அவட்டத்தான் என்னமோ பேசிட்டு இருந்திருக்காவ.

நானும் காதத் தீட்டிக் கேட்டேன், அவட்ட அப்படி என்ன இருக்குன்னு. ஒரு மண்ணும் இல்லம்மா. கொஞ்சம் மூக்கு, கொஞ்சம் கரகரப்பு, முடியுத எடத்துல ஒரு சின்ன வளைவு, கேள்வி கேக்க மாதிரி. அவ்வளவுதான். ஐயர் குரலப் பிடிக்க எனக்கு ஒரு வாரம் ஆச்சு. அந்தக் கடலமுட்டாய்க்காரனுக்கே ரெண்டு மூச்சு வேணும். இவளுக்கு? வாயத் தொறந்தேன், வந்துட்டு. ஒரு பாடும் இல்ல. அவ்வளவு மட்டமான குரலு! இதுக்குப் போயி இந்த மனுசன் உருகுதாவளேன்னு எனக்கு இன்னும் எரிஞ்சுது.

ஒருநா காலையில தேங்கா திருவிட்டு இருக்கேன். அவிய என்னமோ சரி பண்ண அந்தச் சிவப்பு ஒயர உருவிக் கையில வச்சிருக்காவ. மிசின் பாடுது. ஞீ, ஹ்ரும், அப்புறம் ஒண்ணுமில்ல, ம்மோ. ஞீ, ஹ்ரும், ஒண்ணுமில்ல, ம்மோ. சட்டி கை மாறயில நடுவுல ஒருத்தன் பீடி குடிக்கப் போயிட்டா எப்படி இருக்கும்? அப்படி இருந்துச்சு. எனக்குப் பொறுக்கல. அடுக்களையில இருந்தே அந்த எடத்துல அவ குரல ஒரு போடு போட்டேன்.

அவிய அப்படியே நின்னுட்டாவ.

ஒயரப் பாக்காவ, மிசினப் பாக்காவ. மறுபடி போட்டேன். "ஒயரு கையில இருக்கு, சத்தம் எங்கருந்து வருது?"ன்னு வாய்விட்டே கேட்டாவ. நான் சேலைத் தலைப்ப வாயில திணிச்சுக்கிட்டு உக்காந்துட்டேன். பெங்களூருக்குப் போன் பண்ணி, "லீக்கு ஆவுதுப்பா, ஒயரு இல்லாமலே மூணாவது பாடுது"ன்னு சொன்னாவ. மூடியக் கழட்டி, மாட்டி, ஊதி, தொடச்சி... ஐயோ, அந்தக் கூத்த நீ பாத்திருக்கணும்.

சாப்பாட்டு நேரத்துல சொல்லிரலாம்னுதான் இருந்தேன். சோத்தப் பெசஞ்சுக்கிட்டே சொல்லுதாவ, "ஜெபா, அந்த லீக்கு இருக்குல்லா, அது நான் செஞ்சத விட நல்லா இருக்கு. நான் செஞ்சதுல உசிரு இல்ல. இது உசிரோட வருது." எனக்கு உச்சி குளுந்துட்டு. என்னயத்தானே சொல்லுதாவ! அப்புறந்தான் புத்தி வந்துச்சு. என்னயச் சொல்லலம்மா. அவளத்தான் சொல்லுதாவ. நான் வேசம் போட்டு ஆடுனா மாலை அவ கழுத்துல விழுது. அப்படின்னா நான் எதுக்குச் சொல்லணும்? சொல்லல.

அன்னையில இருந்து சிவப்பு ஒயர மாட்டுததே இல்ல. வேணும்னே விட்டுருவாவ. மேசைய அடுக்களைச் சுவத்துப் பக்கம் நகட்டுனாவ. கேட்டா, "இங்கதான் லீக்கு நல்லா வருது"ங்காவ. மிக்ஸி ஓடுனா வர மாட்டேங்குன்னு மிக்ஸிய நிப்பாட்டிட்டாவ. மிக்ஸிய ஓட்டுதது நானு, பிறகு எப்படி வரும்? ஹா! அதுக்காக என்ன செஞ்சாவ தெரியுமா, அவியளே அம்மியில சட்னி அரைக்க உக்காந்துட்டாவ. "நான் அரைக்கேன், நீ சும்மா உக்காந்து எதையாவது ஆஞ்சுக்கிட்டு இரு"ன்னு. கட்டுன நாள்ல இருந்து ஒரு வெங்காயம் உரிச்சிருப்பாவளா எனக்காவ? அவளுக்காவ அம்மி அரைக்காவ!

அப்புறம் எனக்கு ஒரே சட்டம். ஐஸ்கிரீம் திங்கக் கூடாது. மோர் குளுச்சியா குடிக்கக் கூடாது. தூசி பறக்குத எடத்துல நிக்கக் கூடாது. ஒட்டடை அடிக்கதுக்குக் கூட அவியளே துண்டக் கட்டிட்டு ஏறிட்டாவ. சாயங்காலம் ஆனா சுக்கு, நல்லமிளகு, பனங்கல்கண்டு போட்டுப் பாலக் காய்ச்சி என் கையில குடுப்பாவ. குத்த உணர்ச்சிதான், வேற என்ன? வெளிய ஒண்ண வச்சிருக்கவன் வீட்டுக்குப் பூ வாங்கிட்டு வருவாம்லா, அந்த மாதிரி. என்ன, பூவுக்குப் பதிலா நல்லமிளகு.

போன மழைக்கு எனக்குத் தொண்டை கட்டிட்டு. காத்துதான் வருது, சத்தம் வரல. லீக்கும் வரல. அவிய ஒரு வார்த்த கேக்கல. மிசின் மேல போர்வையப் போட்டு மூடிட்டு வந்து என் கட்டிலண்ட உக்காந்துட்டாவ. ஆவி பிடிக்க வச்சாவ, கழுத்துக்குத் தைலம் தேச்சாவ, கஞ்சிய ஸ்பூன்ல ஊட்டுனாவ. பொழுது போவணும்லா? அவ வரலைங்குத துக்கம் மனுசனுக்கு. கை சும்மா இருக்க மாட்டாம எனக்குத் தேச்சாவ. எனக்கு நல்லா தெரியும், தேய்க்கயில முகத்தப் பாத்தேன். கண்ணு நெறஞ்சு கெடந்துச்சு. அவள நெனச்சு.

இரு, ரோஸ்மில்க்கா வாங்குத? எனக்கா? ஐயோ, குடும்மா, நாக்கு செத்துப் போயி...

"ஜெபா, குளுச்சி வேண்டாம்."

பாத்தியா! பாத்தியா! துண்டுக்குள்ள இருந்துல்லா வருது. தூக்கத்துலயும் அந்த மூக்கு மோப்பம் பிடிக்கும். இந்தா, நீயே குடி. இல்ல, முழிக்கல. ஒரு வார்த்தைக்கு முழிச்சுட்டு மறுபடி விழுந்துருவாவ, எனக்குத் தெரியாதா?

எங்க விட்டேன்... ஆங். மதுரையில ஒரு காலேஜ்ல கூப்பிட்டு ஒயரு கச்சேரி வைக்கச் சொன்னாவ. என்னயும் வரச் சொன்னாவ, பையப் பாத்துக்கிட. மேடையில ஒரு ஓரமா துணித் தட்டி வச்சு, அதுக்குப் பின்னால எனக்கு ஒரு நாக்காலி. பக்கத்துல ஒரு மைக்கு. "இது எதுக்கு?"ன்னேன். "பெட்டிக்கு"ன்னாவ. பெட்டி அங்க இருக்கு, மைக்கு என் மூக்க முட்டுது. ஒரு மைக்கு ஒழுங்கா வைக்கத் தெரியல, இதுல கச்சேரி!

பிள்ளைய பூரா உக்காந்திருக்கு. அவிய நடுவுல போயி, எல்லாரும் பாக்க, அந்தச் சிவப்பு ஒயர உருவித் தூக்கிக் காட்டிட்டுக் கீழ போட்டுட்டாவ. ஞீ, ஹ்ரும்... எடம் காலியா கெடக்கு. ம்மோ. மறுபடி ஞீ, ஹ்ரும்... அவ்வளவு பெரிய ஹால்ல அந்தக் காலி எடம் கெணறு மாதிரி இருக்கும்மா. அவிய கையக் கட்டிட்டு நிக்காவ. தட்டிப் பக்கம் கூடத் திரும்பல. என் புருசன் நாலு பேரு முன்னால தலகுனிஞ்சு நிக்க நான் பாத்துட்டு இருப்பேனா? போட்டேன்.

நூலப் பிடிச்ச மாதிரி விழுந்துச்சு. சட்டி கை மாறுது. கொசு எங்கிட்ட மாமா வழியா குடுக்கு, நான் எருமைக்குக் குடுக்கேன். அம்புட்டு நேரமும் ஒரு சுரம் தவறல. உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. கை தட்டுனாவ பாரு!

முடிஞ்ச பிறகு ஒரு பையன் எந்திரிச்சு, "சார், அந்த மூணாவது குரல் எப்படி வருது?"ன்னு கேட்டான். அவிய மைக்கப் பிடிச்சிட்டுச் சொல்லுதாவ, "அது நான் செய்யுதது இல்ல தம்பி. நான் எடத்த மட்டும் விட்டு வச்சிருவேன். வாரதும் வராததும் அவ இஷ்டம். வந்தா, நான் குடுத்து வச்சவன்."

அவ இஷ்டமாம்! குடுத்து வச்சவனாம்! எனக்குத் தட்டிய அப்படியே மிதிச்சுத் தள்ளிட்டு வெளிய வந்து, "ஏ மனுசா, அது நாந்தான்"னு கத்தணும் போல இருந்துச்சு. கத்தல. எத்தன வருசம் குடும்பம் நடத்திருக்கேன், என்னயப் பத்தி ஒரு ஆளுட்ட இப்படி ஒரு வார்த்த சொன்னது உண்டா? மத்தவிய முன்னால என்னய என்ன சொல்லுவாவ? "எங்க வீட்டு ரேடியோ"ம்பாவ.

அதான் முடிவு பண்ணிட்டேன். நாளைக்குக் கோயம்புத்தூர் கச்சேரியில வாயத் தொறக்க மாட்டேன். ஒயர உருவட்டும், எடத்த விடட்டும், நிக்கட்டும். அவ வரட்டும் பாப்போம். வர மாட்டா. எப்படி வருவா? ஊரு பூரா பாக்க அவ செத்தாத்தான் அவியளுக்குத் தெரியும், பக்கத்துல உசிரோட ஒருத்தி நிக்கான்னு. அவமானம்தான். இல்லங்கல. கூட்டமும் பெருசாம், ரொம்பத் தூரத்துல இருந்தெல்லாம் வாராவளாம். அவிய சட்டைய நாந்தான் இஸ்திரி போட்டு எடுத்து வச்சிருக்கேன். அந்தச் சட்டையில மனுசன் திருதிருன்னு நிக்கத நெனச்சா எனக்கே பாவமாத்தான் இருக்கு. ஆனா மாட்டேன். சத்தியமா மாட்டேன்.

என்னது? அவியளுக்குத் தெரியுமா? என்ன தெரியும்? நாந்தான்னா? போ பிள்ள! என் மிமிக்ரிய இன்னைக்கு வரைக்கும் ஒரு ஆளு கண்டுபிடிச்சது கெடையாது. ஐயரு குரல்ல போன் பண்ணி ஐயரம்மாவையே அரிசி ஊறப்போட வச்சவ நானு. இவிய கண்டுபிடிச்சிருவாவளோ? உப்பு டப்பா எது சீனி டப்பா எதுன்னு தெரியாத ஆளு. நீ சின்னப் பிள்ள, உனக்கு ஆம்பிளையளப் பத்தித் தெரியாது.

கேளு, கேளு, குறட்டையப் பாரேன். "ஞீ..."ன்னு. கொசு மாதிரியே ஆரம்பிக்கு. இந்தா, "ஹ்ரும்." மாமா! தூக்கத்துலயும் அதே பேட்ச்தான் ஓடுது மனுசனுக்கு.

நின்னுட்டு.

பாத்தியா, மூணாவது எடத்துல நின்னுட்டு. அவளத் தேடுதாவ. தேடட்டும். ...ம்மோ. அந்தா, எருமை வந்துட்டு.

மறுபடி பாரு. ஞீ. ஹ்ரும்.

எம்மா, எவ்வளவு நேரம் விடுதாவ! மூச்சு கீச்சு இருக்கா? துண்டு அசையுதான்னு பாரு. ஐயோ, இந்த எடத்த இப்படியே விட்டா எனக்கு நெஞ்ச அடைக்குதே...

ம்ம்... ஆஆங்?

...ம்மோ. அப்பாடா. வாங்கிக்கிட்டாவ.

சும்மாத்தாம்மா போட்டேன். தூக்கத்துல விக்கி நின்னுட்டா என்ன செய்ய? இது கணக்குல வராது. நாளைக்கு மாட்டேன்னா மாட்டேன்தான்.

என்ன அப்படிப் பாக்க? இதுதான் அவ குரலு. நான் சொன்னேம்லா, மூக்கு, கரகரப்பு, கடைசியில வளைவு. என்னது? நான் இம்புட்டு நேரமும் உங்கிட்ட பேசிட்டு வந்த குரல் மாதிரியே இருக்கா? என் குரலா? நல்லாக் கேட்ட போ! எனக்கு ஏதும்மா குரலு?

நீ அந்த ஜன்னலக் கொஞ்சம் சாத்து, காத்து பலமா அடிக்கு. அவிய மூஞ்சில துண்டு எப்படிக் குலுங்குது பாரு.